இரண்டாம் அடுக்கு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: 2007 சீசனை வைத்து ஒரு விளக்கம்

2007-இல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல் அடுக்கில் ஹவாய் பல்கலைக்கழக அணி, ரெகுலர் சீசனின் (இறுதிக்கட்டப் போட்டிகளுக்கு முந்தைய பகுதி) 12 ஆட்டங்களையும் ஜெயித்தது. ஆனாலும் தேசிய சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு ஆட்டங்களில் தோற்றிருந்த எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணிக்குக் கிடைத்தது. ஓஹாயோ ஸ்டேட்டை 38-24 என்று வீழ்த்தி எல்.எஸ்.யூ. பட்டத்தையும் வாங்கியது. இறுதி ஆட்டத்தில் யார் யார் மோத வேண்டும் என்பதை அப்போது வாக்கெடுப்புகளும் கணினித் தரவரிசைகளும் முடிவு செய்தன. ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணிக்கு, "நீங்கள் ஆடிய எதிரணிகள் வலுவானவை அல்ல" என்ற பதில்தான் மிச்சம்.

அதே ஆண்டு, ஒரு படி கீழே உள்ள அடுக்கில் சாம்பியனைத் தேர்ந்தெடுத்த முறை வேறு. 16 அணிகளை நாக்-அவுட் அட்டவணையில் போட்டார்கள். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீட்டுக்கு. நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயிப்பவர் சாம்பியன். அந்த அடுக்கில் 1978 முதலே இப்படித்தான் நடக்கிறது. மேல் அடுக்கு நான்கு அணி நாக்-அவுட்டுக்கே 2014-இல்தான் வந்தது. 12 அணிகளாக விரிந்தது 2024-இல்.

அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இந்த இரண்டாம் அடுக்குதான். காரணம் அந்த நாக்-அவுட். சீசனின் தொடக்கமும் முடிவும் ஒரே கோட்டில் வருகின்றன. முதல் வாரத்தில் பெற்ற வெற்றி கடைசி வாரத்தில் எதற்கு உதவியது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். 2007 சீசனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்த அடுக்கின் பணம், பெருமை, வலி எல்லாம் அந்த ஒரே சீசனில் இருக்கின்றன.

அடுக்குகள் எப்படிப் பிரிந்தன

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளில் பெரும்பகுதியை நிர்வகிக்கும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று பிரிவுகள். கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளில் டிவிஷன் 1 என்பது ஒரே கூட்டம். ஃபுட்பாலில் மட்டும் அது 1978-இல் இரண்டாக உடைந்தது: மேலே 1-ஏ, கீழே 1-ஏஏ. தொலைக்காட்சி வருமானமும் பெரிய மைதானங்களும் உள்ள பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென ஒரு தனி வட்டத்தை விரும்பின. அந்தச் செலவுக்கு ஈடுகொடுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வட்டம் உருவானது. 2006-இல் பெயர்கள் மாறின. மேல் அடுக்கு இப்போது எஃப்.பி.எஸ்., கீழ் அடுக்கு எஃப்.சி.எஸ். ஒவ்வொன்றிலும் தோராயமாக 120-க்கு மேற்பட்ட அணிகள் உள்ளன.

ஆக, எஃப்.சி.எஸ். அணிகளும் டிவிஷன் 1 அணிகள்தான். அவற்றுக்குக் கீழே டிவிஷன் 2, டிவிஷன் 3 என்று இன்னும் நூற்றுக்கணக்கான அணிகள் இருக்கின்றன. இரண்டாம் அடுக்கு என்றதும் ஏதோ உள்ளூர் போட்டி என்று நினைத்துவிடக் கூடாது. தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஆட்டநாயகன் விருது வாங்கியவர்களில் கர்ட் வார்னர் நார்தர்ன் அயோவாவில் ஆடியவர், கூப்பர் கப் ஈஸ்டர்ன் வாஷிங்டனில் ஆடியவர். இரண்டுமே இந்த அடுக்குக் கல்லூரிகள்.

இங்கிலாந்துக் கால்பந்து லீக்குகளைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தை மனத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இங்கே பதவி உயர்வும் இல்லை, இறக்கமும் இல்லை. எஃப்.சி.எஸ். சாம்பியன் அடுத்த ஆண்டு தானாக மேலே போகாது; எஃப்.பி.எஸ்.-இல் எல்லா ஆட்டத்திலும் தோற்ற அணி கீழே இறங்கவும் இறங்காது. மேலே போக வேண்டுமானால் பல்கலைக்கழகமே முடிவெடுத்து, மேல் அடுக்கில் உள்ள ஒரு கான்ஃபரன்ஸின் (சேர்ந்து ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) அழைப்பைப் பெற்று, கூடுதல் செலவை ஏற்றுக்கொண்டு போக வேண்டும். களத்தில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தக் கதவு தானாகத் திறக்காது. இது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு, ஆனால் நிலைமை அதுதான்.

இரண்டு அடுக்குக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் உதவித்தொகை. நாம் பேசும் 2007-இல், அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள், எஃப்.பி.எஸ். அணி 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை கொடுக்கலாம். எஃப்.சி.எஸ். அணிக்கு 63 முழுத்தொகைக்கு ஈடான பணம்தான். அதைத் துண்டு போட்டு 85 பேர் வரை பகிர்ந்து கொடுக்கலாம். அதாவது ஒரு எஃப்.சி.எஸ். வீரர் பாதிக் கட்டணத்துக்கு உதவி வாங்கிக்கொண்டு மீதிக்குக் கடன் எடுத்துப் படிப்பவராக இருக்கலாம். எதிரே நிற்கும் எஃப்.பி.எஸ். வீரருக்குக் கட்டணமும் உணவும் விடுதியும் முழுதாக வந்துவிடும். அண்மைக்கால நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு இந்த வரம்புகள் மாறிக்கொண்டிருக்கின்றன. பணக்காரக் கல்லூரிக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி மட்டும் குறையவில்லை.

ஆட்டத்தின் விதிகள், தேவையான அளவு

ஒரு பக்கம் 11 பேர். 100 யார்டு நீளக் களம். 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஒரு உதைக்கு கூடுதலாக 1 புள்ளி, அல்லது மறுபடி ஓடியோ எறிந்தோ கோட்டைக் கடந்தால் 2. டச்டவுன் வரை போக முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. பந்தை வாங்கி, எறிவதா கொடுப்பதா தானே ஓடுவதா என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக்.

இப்போதைக்கு இது போதும். மீதி விதிகள் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

சீசனின் முதல் வாரம்: பணத்துக்காக ஆடும் ஆட்டம்

எஃப்.சி.எஸ். சீசன் ஆகஸ்ட் இறுதியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில். ரெகுலர் சீசன் என்பது 2025 வரை வழக்கமாக 11 ஆட்டங்கள். அவற்றில் ஏழெட்டு, தன் சொந்த கான்ஃபரன்ஸில் உள்ள அணிகளோடு. கான்ஃபரன்ஸ் என்பது சேர்ந்து அட்டவணை போட்டு ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. சதர்ன், பிக் ஸ்கை, மிசௌரி வேலி என்று பல உண்டு. மீதி மூன்று நான்கு ஆட்டங்களைத் தன் விருப்பப்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அந்த மூன்று நான்கில் ஒன்றைப் பல அணிகள் ஒரு பெரிய எஃப்.பி.எஸ். அணிக்கு ஒதுக்கிவிடுகின்றன. பெரிய அணியின் மைதானத்துக்குப் போய் ஆட வேண்டும். அதற்குப் பெரிய அணி பணம் கொடுக்கும். 2006 முதல் எஃப்.பி.எஸ். அணிகளுக்கு 12-ஆவது ஆட்டம் நிரந்தரமாக அனுமதிக்கப்பட்டதும் இந்த ஏற்பாடு பெருகியது. பெரிய அணிக்குச் சொந்த ஊரில் ஒரு டிக்கெட் வருமானமும் எளிதான ஒரு வெற்றியும் கிடைக்கும். சின்னக் கல்லூரிக்கு அந்தக் காசோலை மற்ற விளையாட்டுகளையும் ஓரளவு காப்பாற்றும். இரு தரப்பும் மனமுவந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஆனால் அந்தப் பணத்துக்கு உடம்பால் விலை கொடுப்பவர்கள் கீழ் அடுக்கின் வீரர்கள். பெரும்பாலான ஆட்டங்களில் 40, 50 புள்ளி வித்தியாசத்தில் தோற்றுத் திரும்புவார்கள்.

2007 செப்டம்பர் 1-ஆம் தேதி, வட கரோலினாவின் மலை ஊரான பூன்-இலிருந்து அப்பலாச்சியன் ஸ்டேட் அணி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு ஆட அதன் ஊரான ஆன் ஆர்பருக்குப் போனது. ஒப்பந்தத் தொகை 4 லட்சம் டாலர். மிச்சிகன் அப்போது தேசியத் தரவரிசையில் ஐந்தாவது. மைதானத்தில் 1 லட்சத்து 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். தரவரிசையில் இருக்கும் எஃப்.பி.எஸ். அணி எதையும் அதுவரை எந்த எஃப்.சி.எஸ். அணியும் தோற்கடித்ததில்லை. இந்த ஆட்டத்தை ஒளிபரப்பியது பிக் டென் நெட்வொர்க் என்ற புத்தம் புதிய சேனல்; தொடங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, பல வீடுகளுக்கு அது வரவே இல்லை.

அப்பலாச்சியன் ஸ்டேட் ஏதோ தெரியாத அணி என்று நினைக்க வேண்டாம். 2005-லும் 2006-லும் எஃப்.சி.எஸ். அடுக்கின் சாம்பியன் அது. பயிற்சியாளர் ஜெர்ரி மூர் 2004-இல் ஒரு துணிச்சலான முடிவு எடுத்திருந்தார். பழைய ஆட்டமுறையைக் கைவிட்டு, வீரர்களைக் களத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தும் ஸ்ப்ரெட் முறைக்கு மாறினார். இதன் பயன் எளிது. எதிரணித் தடுப்பாளர்களும் பரந்து நின்றாக வேண்டும். அவர்களுக்கு நடுவே இடைவெளிகள் திறக்கும். வேகமான ஆள் அந்த இடைவெளியில் புகுந்துவிடுவார். 140 கிலோ எடையுள்ள முரட்டுத் தடுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து அள்ளிக்கொள்ளப் பெரிய பல்கலைக்கழகங்களால்தான் முடியும். வேகமான, சற்று மெலிந்த பையன்கள் கீழ் அடுக்குக்கும் கிடைப்பார்கள். கிடைத்ததை வைத்து ஜெயிக்க வழி தேடியதன் விளைவுதான் அந்த மாற்றம். குவார்ட்டர்பேக் ஆர்மான்டி எட்வர்ட்ஸ் அப்போது இரண்டாம் ஆண்டு ஆட்டக்காரர். ஓட்டம், எறிதல் இரண்டிலும் கெட்டிக்காரர்.

இடைவேளையில் அப்பலாச்சியன் ஸ்டேட் 28-17 என்று முன்னிலையில் இருந்தது. மிச்சிகன் மெல்ல எட்டிப் பிடித்தது. முடிய ஐந்து நிமிடம்கூட இல்லாதபோது மைக் ஹார்ட் 54 யார்டு ஓடி டச்டவுன் போட, மிச்சிகன் 32-31. இந்த மாதிரி ஆட்டங்கள் வழக்கமாக இங்கேதான் முடியும். சின்ன அணி களைத்துப்போகும். மாற்றி இறக்க ஆள் இருக்காது. 63-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசம் கடைசிக் கால்பகுதியில்தான் தெரியும்.

அன்றைக்குத் தெரியவில்லை. மிச்சிகன் வெற்றியை உறுதிப்படுத்த ஒரு ஃபீல்ட் கோல் உதைத்தது. பிரையன் குவிக் அதைத் தடுத்தார். கையில் டைம்-அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் உரிமை) ஒன்றுகூட இல்லாமல், ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் எட்வர்ட்ஸ் அணியைக் களத்தின் மறுமுனைக்கு அழைத்துப் போனார். 26 நொடி மிச்சம் இருக்கும்போது ஜூலியன் ராச் 24 யார்டிலிருந்து உதைத்தார். 34-32. மிச்சிகன் ஒரு நீண்ட எறிதலில் மறுபடி முன்னேறி வந்தது. ஆறு நொடி மிச்சம், 37 யார்டு ஃபீல்ட் கோல். உள்ளே போனால் மிச்சிகன் வெற்றி. உதைபட்ட பந்து கோரி லிஞ்ச் என்ற அப்பலாச்சியன் தடுப்பாளரின் மேல் பட்டுத் தெறித்தது. அவரே அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினார். நேரம் முடிந்தது.

பூன் ஊரில் மாணவர்கள் தங்கள் மைதானத்தின் கோல் கம்பத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு முன் வைத்தார்கள். மிச்சிகன் ஐந்தாம் இடத்திலிருந்து தரவரிசைக்கே வெளியே விழுந்தது. அந்தத் தரவரிசையை வெளியிடும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், இனி எஃப்.சி.எஸ். அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்று தன் விதியை மாற்றியது.

அந்த வெற்றியின் உண்மையான மதிப்பு

இந்த ஆட்டம் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இதற்குப் பிறகு வருவதுதான் எஃப்.சி.எஸ். சீசன். மிச்சிகனை வென்றது அப்பலாச்சியன் ஸ்டேட்டின் கணக்கில் ஒரே ஒரு வெற்றி. கான்ஃபரன்ஸ் பட்டியலில் அதற்கு மதிப்பே கிடையாது. இன்னும் 10 ஆட்டங்கள் பாக்கி இருந்தன.

எட்வர்ட்ஸுக்குத் தோளில் காயம். சில ஆட்டங்களில் ஆட முடியவில்லை. செப்டம்பர் 22-ஆம் தேதி, மிச்சிகனை வீழ்த்திய மூன்றே வாரத்தில், தென் கரோலினாவின் வாஃபர்ட் கல்லூரியிடம் 42-31 என்று தோற்றார்கள். வாஃபர்ட் என்பது ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களே படித்த குட்டிக் கல்லூரி. அக்டோபரில் ஜார்ஜியா சதர்ன் அணி பூனுக்கே வந்து 38-35 என்று தோற்கடித்தது. அதுவரை அந்த மைதானத்தில் நீண்டிருந்த வெற்றித் தொடர் அன்று அறுந்தது.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன என்பதை இந்த இரண்டு தோல்விகளும் எந்த விதிப்புத்தகத்தையும் விட நன்றாகச் சொல்லித்தரும். மிச்சிகனுக்கு இவர்களைத் தெரியாது. வாஃபர்ட்டுக்கும் ஜார்ஜியா சதர்னுக்கும் நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் மோதுகிறவர்கள்; யார் எந்தப் பக்கம் ஓடுவார், எந்தச் சூழலில் எதை முயல்வார் என்று பாடமாக வைத்திருப்பவர்கள். ஜார்ஜியா சதர்ன் அப்போதே ஆறு முறை இந்த அடுக்கின் சாம்பியன். அப்பலாச்சியன் ஸ்டேட் முன்னால் அவர்கள் நடுங்க எந்தக் காரணமும் இல்லை. கடைசியில் சதர்ன் கான்ஃபரன்ஸ் பட்டத்தை அப்பலாச்சியன் ஸ்டேட்டும் வாஃபர்ட்டும் பகிர்ந்துகொண்டன. 11 ஆட்டத்தில் 9 வெற்றி, 2 தோல்வி.

மேல் அடுக்காக இருந்திருந்தால் இரண்டு தோல்விகளுக்குப் பிறகு நாள்கணக்கில் விவாதம் நடந்திருக்கும். இங்கே விவாதம் சின்னது: 16 இடங்களில் ஒன்று கிடைக்குமா, கிடைக்காதா? கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் பலருக்கு நேரடி இடம் உண்டு. மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்பும். அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு இடம் கிடைத்தது. அவ்வளவுதான் வேண்டும். இதிலிருந்து எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

நாக்-அவுட்

இந்த அடுக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இறுதி ஆட்டம் தவிர மற்றவை கல்லூரிகளின் சொந்த மைதானங்களிலேயே நடக்கும். நவம்பர் கடைசி, டிசம்பர் மாதம். பூன் கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல் உள்ள ஊர். மொன்டானா மாநிலத்தின் மிசூலாவிலும் குளிர் எலும்பைத் துளைக்கும். பெரிய அணிகளின் பவுல் ஆட்டங்கள் (சீசன் முடிவில் நடக்கும் தனி ஆட்டங்கள்) அதே மாதத்தில் ஃபுளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் இதமான வெயிலில் நடக்கும்போது, இங்கே மாணவர்கள் பனியில் நின்று தங்கள் வகுப்பறைக்கு அடுத்த மைதானத்தில் தேசியப் போட்டி பார்க்கிறார்கள்.

2007-இன் அட்டவணையில் நான்கு அணிகளுக்கு மட்டும் தரவரிசை எண் கொடுத்தார்கள். முதலிடம், ரெகுலர் சீசனில் தோல்வியே காணாத நார்தர்ன் அயோவா. அப்பலாச்சியன் ஸ்டேட் அந்த நான்கில் இல்லை.

முதல் சுற்றில் ஜேம்ஸ் மேடிசன் அணியோடு ஆட்டம். 28-27 என்று முன்னிலையில் இருந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டின் கோட்டுக்கு மிக அருகில், சில நொடிகள் மிச்சமிருக்கையில், பந்து ஜேம்ஸ் மேடிசன் கையில். ஒரு சாதாரண ஃபீல்ட் கோல் போதும், நடப்புச் சாம்பியன் வெளியே. ஓடிய வீரர் பந்தைத் தவறவிட்டார். அப்பலாச்சியன் வீரர்கள் அதை அமுக்கிக்கொண்டார்கள். ஆன் ஆர்பர் வெற்றியைக் கொண்டாடிய ஒவ்வொருவரும் இந்தக் கணத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே தோற்றிருந்தால் மிச்சிகன் வெற்றி ஒரு தனி அதிசயமாக மட்டும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் சுற்றில் ஈஸ்டர்ன் வாஷிங்டனை 38-35. அரையிறுதியில் ரிச்மண்டை 55-35. அந்த அரையிறுதியில் எட்வர்ட்ஸ் ஓடியே 313 யார்டு எடுத்தார். ஓடி நான்கு டச்டவுன், எறிந்து மூன்று. ஒரு குவார்ட்டர்பேக் 100 யார்டு ஓடினாலே பேசுவார்கள்.

அட்டவணையின் மறுபாதியில் நடந்த ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. டெலவேர் மிகச் சிறிய மாநிலம். டிவிஷன் 1 ஃபுட்பால் ஆடும் பல்கலைக்கழகங்கள் அங்கே இரண்டுதான்: நியூவர்க் நகரில் டெலவேர் பல்கலைக்கழகம், டோவர் நகரில் டெலவேர் ஸ்டேட். இரண்டாவது, கறுப்பின மாணவர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட நிறுவனம். காரில் ஒரு மணி நேரத் தூரம். இரண்டும் ஒரே அடுக்கு. ஆனாலும் 2007 நவம்பர் வரை ஒருமுறைகூட ஒன்றோடொன்று ஃபுட்பால் ஆடியதில்லை. யாரும் அட்டவணையில் சேர்க்கவில்லை. நாக்-அவுட்டின் முதல் சுற்று அவர்களை எதிரெதிரே நிறுத்தியது. டெலவேர் 44-7 என்று எளிதாக ஜெயித்தது. ஆட்டம் ஒருதலைப்பட்சம்தான், ஆனால் அதன் பிறகு இரு அணிகளும் ரெகுலர் சீசனிலும் சந்திக்கத் தொடங்கின. எந்தப் பல்கலைக்கழக நிர்வாகமும் பல பத்தாண்டுகளாகச் செய்யாததை ஒரு போட்டி அட்டவணை செய்தது. வாக்கெடுப்பு வைத்துச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இது நடக்க வழியே இல்லை.

டெலவேர் அடுத்து நார்தர்ன் அயோவாவை அதன் ஊரிலேயே 39-27 என்று வெளியேற்றியது. பிறகு சதர்ன் இல்லினாயை 20-17. அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோ. மேல் அடுக்கில் உள்ள பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆட வாய்ப்புக் கிடைக்காமல் கீழே இறங்கி வந்தவர். அதே சீசனில் மேல் அடுக்கைச் சேர்ந்த கடற்படைக் கல்லூரி அணியை 59-52 என்ற கணக்கில் வென்று காட்டியவர்.

டிசம்பர் 14, டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் இறுதி ஆட்டம். அப்பலாச்சியன் ஸ்டேட் 49, டெலவேர் 21. இந்த அடுக்கில் தொடர்ந்து மூன்று பட்டம் வென்ற முதல் அணி அதுதான். 15 ஆட்டம், 13 வெற்றி. ஃப்ளாக்கோ அடுத்த ஆண்டு பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு, புதிய வீரர்களுக்கான தேர்வின் முதல் சுற்றிலேயே தேர்வானார். 2013 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்து ஆட்டநாயகன் ஆனார்.

நாக்-அவுட்டுக்கு வராதவர்கள்

எஃப்.சி.எஸ்.-இல் இருந்துகொண்டே இந்தப் போட்டியை முக்கியமாகக் கருதாத அணிகளும் உண்டு. ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீக், விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை; 2025 சீசனுக்கு முன்பு நாக்-அவுட்டுக்கும் வந்ததில்லை. அவர்களுக்கு ஹார்வர்ட்-யேல் ஆட்டமே உச்சம். 2007-இல் அந்த ஆட்டத்துக்கு யேல் தோல்வியே இல்லாமல் வந்து, ஹார்வர்டிடம் 37-6 என்று நொறுங்கியது. தெற்கு மாநிலங்களின் கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் பல அடங்கிய ஸ்வாக் கான்ஃபரன்ஸுக்கும் தன் மரபு உண்டு. தேங்க்ஸ்கிவிங் (நவம்பரின் நான்காம் வியாழக்கிழமை வரும் பண்டிகை) வாரத்தில் நியூ ஆர்லியன்ஸில் கிராம்ப்ளிங், சதர்ன் ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் மோதுவது வெறும் ஆட்டம் மட்டுமல்ல, இரு அணிகளின் இசைக்குழுக்களும் போட்டியிடும் திருவிழா. இந்தக் கல்லூரிகளை இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் ஜெர்ரி ரைஸின் பெயரைச் சொல்லுங்கள். தொழில்முறை ஆட்டத்தின் தலைசிறந்த ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) என்று பலரும் ஏற்றுக்கொண்ட அவர், ஸ்வாக்கின் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டில் ஆடியவர்.

இப்போது நிலைமை

2007-இன் பெரிய பெயர்களில் பல இன்று எஃப்.சி.எஸ்.-இல் இல்லை. அப்பலாச்சியன் ஸ்டேட்டும் ஜார்ஜியா சதர்னும் 2014-இல் மேலே போய்விட்டன. மேல் அடுக்கில் அப்பலாச்சியன் ஸ்டேட்டின் முதல் ஆட்டமே ஆன் ஆர்பரில்தான் அமைந்தது. மிச்சிகன் 52-14 என்று ஜெயித்தது. ஜேம்ஸ் மேடிசன் 2022-இலும் டெலவேர் 2025-இலும் போயின.

அந்த இடத்தை நிரப்பியது நார்த் டகோட்டா ஸ்டேட். டிவிஷன் 2-இலிருந்து 2004-இல் வந்த அணி, 2011 சீசனுக்கும் 2024 சீசனுக்கும் நடுவே 10 பட்டங்கள் வென்றது. 2019-இல் 16 ஆட்டங்களையும் ஜெயித்தது. அந்த ஆண்டு அதன் குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸ் 28 டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தார். அவர் எறிந்த பந்தை எதிரணி ஒரு முறைகூடப் பிடிக்கவில்லை. அவர்களின் ஃபார்கோடோம் மூடிய அரங்கம், 19,000 பேர் போடும் கூச்சலில் எதிரணியினருக்கு ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாது. 2016-இல் அந்த அரங்கத்துக்கே போய் அரையிறுதியில் அவர்களை வீழ்த்தித்தான் ஜேம்ஸ் மேடிசன் பட்டம் வென்றது.

கவலைப்பட வேண்டிய மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு கல்லூரி மாறும் வீரர்கள் பெரும்பாலும் ஒரு ஆண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். இப்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. விளம்பர ஒப்பந்தங்கள் வழியாக வீரர்களுக்குப் பணமும் வருகிறது. கீழ் அடுக்கில் ஒரு பையன் நன்றாக ஆடினால் மறு ஆண்டே மேல் அடுக்கு அழைத்துக்கொள்கிறது. கேம் வார்டு டெக்சாஸின் இன்கார்னட் வேர்டு என்ற எஃப்.சி.எஸ். கல்லூரியில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் போய், மயாமி போய், 2025-இல் தொழில்முறை லீக்கின் முதல் தேர்வாக நின்றார். அவருக்கு இது நல்லது. உழைப்புக்கு உரிய விலையை அவர் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் எட்வர்ட்ஸ் போல நான்கு ஆண்டும் ஒரே ஊரில் நின்று ஆடும் குவார்ட்டர்பேக்கை இனி இந்த அடுக்கில் பார்ப்பது அரிது. 2007-இல் இந்த வசதி இருந்திருந்தால் செப்டம்பர் 1-க்குப் பிறகு எட்வர்ட்ஸை எத்தனை பெரிய கல்லூரிகள் தேடி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாக்-அவுட் மட்டும் வளர்ந்திருக்கிறது. 1978-இல் 4 அணிகள். ஃபுளோரிடா ஏ அண்ட் எம் முதல் பட்டத்தை வென்றது. 1986-இல் 16 ஆனது, 2010-இல் 20, 2013 முதல் 24. முதல் எட்டு இடத்தில் உள்ள அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. இறுதி ஆட்டம் ஜனவரிக்குத் தள்ளிப்போய்விட்டது. சட்டனூகாவை விட்டு டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் பல ஆண்டுகள் நடந்தது.

சரி, எங்கே தொடங்குவது? முழு சீசனையும் பின்தொடர நேரம் இல்லாதவர்கள் மூன்றே கட்டமாகப் பார்க்கலாம். செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களில், எஃப்.பி.எஸ். அணிகளோடு ஆடும் ஆட்டங்கள். அப்புறம் நவம்பரில் ஒரே ஒரு கான்ஃபரன்ஸ். பிக் ஸ்கையை எடுத்துக்கொண்டால் கடைசியில் மொன்டானாவும் மொன்டானா ஸ்டேட்டும் மோதும் ஆட்டம் வரும், அதை விட்டுவிடாதீர்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை 24 அணிகளின் அட்டவணை வெளியாகும். அதில் உங்களுக்குப் பெயரே தெரியாத ஒரு ஊரின் அணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று, அந்த வாரச் சனிக்கிழமை.